கோரை முளைத்த மனை

"மனை வாங்கி விக்கச் சொல்லித்தர்றாங்களாமே, அந்த கோர்ஸ்ல சேரலாமாங்க?" என்று உறவுக்காரர்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். நான் அதைப் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். சேருங்கள் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை.

துபாயில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துத் திரும்பியிருந்தேன். சேமிப்பை மனைகளில் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. தஞ்சாவூரில் ஒரு ஏசி ஹாலில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று ஒவ்வொன்றையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தந்தார்கள். அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

பங்குனி வெயிலில் குத்தாலம் பக்கம் ஒரு நகரைப் பார்க்கப் போனேன். நகர் என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான்; போன வருடம் வரை நெல் விளைந்த வயல். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு மூலையில் கோரை மண்டியிருந்தது. தரகர் பேசிக்கொண்டே இருக்க, நான் ஒரு கோரையைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். விவசாயி வீட்டில் பிறந்தவன். தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் கோரை அப்படி மண்டும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வகுப்பில் கொடுத்த பட்டியலில் கோரை இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தண்ணி எந்தப் பக்கம் வடியும்?"

"அதெல்லாம் அப்ரூவல் குடுக்கும்போதே பாத்துருப்பாங்க," என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. சேமிப்பு முழுவதையும் அங்கேயே போட்டேன்.

ஐப்பசி மழையில் இருவரும் போய்ப் பார்த்தபோது முழங்கால் தண்ணீர். வடிகாலைத் தூர்த்துத்தான் ரோடு போட்டிருக்கிறார்கள். "நம்ம எல்லைக்கல்லு எங்கங்க?" என்றாள் மனைவி. நான் தண்ணீரைக் காட்டினேன். மனையை விற்றாக வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் துபாய்.

அடுத்த பங்குனியில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். அதே வகுப்பில் படித்தவராம். அவர்கள் வருவதற்கு முந்தின நாளே நான் போய், மூலையிலிருந்த கோரையை ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போட்டிருந்தேன். பிடுங்கினாலும் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அது மழைக்குப் பிறகுதானே தெரியும்.

அவர் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க சார்," என்றார்.

அவருடைய மனைவிதான் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "மழைத் தண்ணி எந்தப் பக்கம் வடியும்ங்க?"

பக்கத்தில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அதெல்லாம் அப்ரூவல் குடுக்கும்போதே பாத்துருப்பாங்கம்மா," என்றேன்.

நான் துபாய்க்குப் போகவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால், மனைவி எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, எழுந்து போய்விடுகிறாள்.