மூன்று தடவை மன்னிப்புக் கேட்ட மேனேஜர்

என் மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் கிரானைட் துண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் முகம் பார்க்கலாம் போல பாலிஷ்; மறுபக்கம் உடைந்த கரடு. காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். காலையில் வேலை தொடங்குமுன் குடிக்கிற பாட்டிலிலிருந்து அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைப்பேன். கல் உடனே காய்ந்துவிடும். நடுவில் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு ஈரத்தோடு கறுத்து நிற்கும். பிள்ளையாருக்கு அபிஷேகம் நடக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அந்தக் கோட்டைத் தினம் ஒரு தடவை பார்க்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

மேலூர் ரோட்டில் ஒரு கிரானைட் பட்டறையில் இருபது வருடமாகக் கல் சோதிக்கிறேன். ஸ்லாப் அறுத்து வந்ததும் தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த கல்லில் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நனைந்த கல்லில் அது தப்ப முடியாது. ஒரு வாளி, ஒரு துணி, கொஞ்சம் பொறுமை, என் உத்தியோகம் அவ்வளவுதான். மீதி நேரத்தில் நான் பட்டறையின் கோமாளி. யாரைப் பார்த்தாலும் ஒரு நக்கல் வைத்திருப்பேன். உண்மையில் நான் பெரிய பயந்தாங்கொள்ளி. முதலாளி கார் கேட்டுக்குள் வந்தால் என் வயிறு கலங்கும், உள்ளங்கை வேர்க்கும், உடனே வாயிலிருந்து ஒரு ஜோக் விழும். என் நகைச்சுவை முழுக்க வயிற்றிலிருந்து வருவது என்று என் மனைவி டாக்டரிடமே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் மேனேஜர் ஒரு யூதர். கொச்சிப் பக்கத்து ஆள். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஓரத்தில் மலையாளம் எட்டிப் பார்க்கும். என்னை "எடோ" என்றுதான் கூப்பிடுவார். கோரிப்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று ஊருக்குப் புரியவில்லை. பன்றிக்கறி தொடமாட்டார், நோன்பு இருப்பார் என்பதால் வீட்டுக்கார பாய் அவரைப் பாதி சொந்தக்காரராகவே நடத்தினார். அவருடைய பைபிள் பெயரைக் கேட்ட எங்கள் கணக்குப்பிள்ளை, பசுமலைச் சர்ச்சுக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கூப்பிட்டார். நீங்கள் எல்லாம் பழைய ஏற்பாட்டு ஆட்கள் அல்லவா என்று பிரியமாகவும் சொன்னார். மேனேஜர் சிரித்தார். "எங்களுக்கு அது பழசு இல்ல சாரே. எங்ககிட்ட இருக்கிறதே அதுதான்."

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், பட்டறைப் பக்கம் வரமாட்டார். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பார். வெளியில் கறி சாப்பிடுவதில்லை. மீன் உண்டு, செதில் இருந்தால் மட்டும். ஒரு தடவை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மதுரைக்காரன் மானத்தைக் காப்பாற்ற அயிரை மீன் குழம்பு வைத்திருந்தோம். மனிதர் ஒரு அயிரையை எடுத்து இலை ஓரத்தில் வைத்து, சட்டைப் பையிலிருந்து கல் பார்க்கிற லென்ஸை எடுத்துவிட்டார். நாங்கள் குடும்பத்தோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில், வெறும் கண்ணுக்குத் தெரியாத செதில் செதில் ஆகாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு மோர்ச்சோறு சாப்பிட்டார். அந்த வருத்தம் நிஜம். குழம்பு வாசனை அப்படி.

யாரும் பார்க்காத இடத்தில் ஒரு அயிரையைத் தின்றால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் கேட்டேன். அப்போது அவர் தங்கள் ஊர் ஜெபக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். கூடி நின்று ஜெபிக்கப் பத்து ஆண்கள் வேண்டுமாம். அவருடைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் எப்போதோ வெளிநாட்டுக்குக் கப்பலேறிவிட்டார்கள். பெரிய பண்டிகைக்கே எண்ணிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அவர் எங்கே வேலை பார்த்தாலும் அந்த நாளுக்குப் போய்விடுவார். "நான் யாருன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் போகலைன்னா அங்க ஒம்பது பேரு. அம்புட்டுத்தான், எடோ." அம்புட்டுத்தான் என்பது அவர் மதுரையில் கற்றுக்கொண்ட சொல். அதைத் தப்பில்லாமல் பயன்படுத்தினார்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்ததற்குக் காரணம் உங்களுக்கே புரியும்.

ஒரு ஆவணி மாதம். தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கன்டெய்னர் கேட்டில் நிற்கிறது, முதலாளி வாசலில் நிற்கிறார், என் வயிறு வழக்கம்போல வேலையைத் தொடங்கிவிட்டது. கடைசி ஸ்லாப்பை உலர்ந்தபடியே தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் விரல் லேசாக நின்றது. வாளியில் தண்ணீர் இருந்தது. குனிந்து எடுத்து ஊற்ற இரண்டு நிமிடம். நான் ஊற்றவில்லை. சாக்பீஸால் சரி என்று டிக் போட்டேன். கிரேன் தூக்கியது. ஆள் உயரத்துக்குப் போனதும் ஸ்லாப் நடுவில் பிளந்து, ஒரு பாதி லோடுமேன் ஒருவரின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஒரு மனிதனின் பேர் அதற்கடியில் மாட்டிக்கொண்டது.

கிரேன் ஓட்டியவன் மேலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தான். தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். அதில் முதல் ஆளாகப் பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கி, கேபினில் ஏறி உட்கார்ந்தவன். எங்கள் இருவருக்கும் மாப்ள முறை, நானே உண்டாக்கிய முறை. அவன் வெடுக்கென்று தூக்கியதால்தான் கல் உடைந்தது என்று முதலாளி கத்தினார். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறந்தேன். "கல்லுக்கும் கண்ணு பட்டுருச்சு போல." நாலு பேர் சிரித்தார்கள். அவன் கேபினிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தான். மறுநாள் அவனை வேலையைவிட்டு எடுத்த கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். ரோடு நெடுக இருக்கிற பட்டறைகளில் செய்தி பரவியது. கல்லை உடைத்தவனுக்கு யார் கிரேன் கொடுப்பார்கள்?

ஒரு மாதம் போனது. நான் முன்னைவிட இரண்டு மடங்கு ஜோக் அடித்தேன்.

ஒரு நாள் மேனேஜர் என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். "எடோ, உங்கிட்ட ஒரு விஷயம்" என்றார். மாட்டினேன் என்று நினைத்தேன். அவரோ, வைகாசியில் டீக்கடை வாசலில் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. நிம்மதியில், அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்க சார் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார், அதே மன்னிப்பு. அட, விடுங்க சார் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நம் ஊரில் இதற்குமேல் ஒரு மன்னிப்பு உண்டா? ஆனால் அவருக்கு அது பதிலே இல்லை. கேட்டதை நான் தள்ளிவிட்டேனே தவிர, கொடுக்கவில்லை.

மூன்றாவது தடவை பசுமலையில் என் வீட்டுக்கே வந்தார், சாட்சிக்குக் கணக்குப்பிள்ளையையும் வாட்ச்மேனையும் இன்னொரு லோடுமேனையும் கூட்டிக்கொண்டு. நாலு பேர் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்த என் மனைவி, யாருக்கோ பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் காபிக்குப் பால் வாங்க ஓடினாள். அப்போதுதான் மேனேஜர் விளக்கினார். பத்து நாளில் அவர்களுடைய பெரிய நோன்பு. வருடத்துத் தப்புகளுக்கெல்லாம் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் நாள். ஆனால் மனிதனுக்குச் செய்த தப்பைக் கடவுள் தொடமாட்டாராம். அது அந்த மனிதன் கையில். நேரில் போய்க் கேட்க வேண்டும், மூன்று தடவை வரைக்கும், மூன்றாவது தடவை ஆட்களோடு. அடுத்தவன் சார்பில் மன்னிக்க யாருக்கும் உரிமை கிடையாது, கடவுளுக்கும் சேர்த்து.

நான் எழுந்து நின்று, மன்னித்தேன் சார் என்று பள்ளிக்கூடப் பையன் போலச் சொன்னேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. ஒரு கத்தலுக்காக இந்த மனிதர் மூன்று தடவை நடந்திருக்கிறார். காபி வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை. தம்ளரைத் தரையில் வைத்தேன். "அந்த ஸ்லாப்புல நான் தண்ணி ஊத்தல சார்" என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார், பிறகு மன்னிப்பார், மறுபடி என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எண்ணியது என் பைத்தியக்கார மனசு. அவர் சொன்னது வேறு. "எங்கிட்ட எதுக்கு சொல்றே? எனக்கு ஒண்ணும் செய்யலையே நீ." பிறகு, "விசாரிக்காம கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கும் அந்த கிரேன்காரன் வீட்டுல வேலை இருக்கு. ஆனா உன் பேச்சை நீதான் பேசணும்" என்றார்.

மறுநாளே அவர் முதலாளியிடம் பேசினார். கிரேன்காரனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சத்தமில்லாமல் என்றார் முதலாளி. அந்தச் செய்தியோடு நான் மட்டும் மேலூர் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி மூன்று தடவை கழிப்பறைக்குப் போனேன். அவன் யாருடைய வயலிலோ வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். நான் வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நடுவில் ஒரு ஆட்டைப் பற்றி ஒரு ஜோக் உட்பட. அது எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியாது. அவன் மண்வெட்டியை நிறுத்தவில்லை. "எங்கப்பா வெட்டுன வரப்பு சார் இது" என்றான். மாப்ள இல்லை. சார்.

இரண்டாவது தடவை போனபோது வீட்டுக்குள்ளிருந்து அவன் வரவில்லை. அவன் மனைவி ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, குடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மூன்றாவது தடவை மேனேஜர், கணக்குப்பிள்ளை, வாட்ச்மேன் எல்லாரும் வந்தார்கள். மேனேஜர் முதலில் தன் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டார். அடுத்து நான். சுவரில் அவனுடைய கிரேன் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பின்வாசல் வழியா வான்னு சொல்றீக. நான் என்ன களவாணியா? எம்புட்டுப் பேரு முன்னாடி எம்பேரு போச்சோ, அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லுங்க. இங்கன நாலு செவுத்துக்குள்ள எனக்கு எதுக்கு?"

திரும்பி வரும்போது, மூன்று தடவை ஆகிவிட்டதே, உங்கள் கணக்குப்படி நான் விடுபட்டேனா என்று மேனேஜரிடம் கேட்டேன். சட்டப்படி ஒருவேளை ஆமாம் என்றார். "ஆனா எடுத்ததைத் திருப்பிக் குடுத்தியா?" நான் எடுத்தது அவன் பேரை. அது இன்னும் ரோடு நெடுக என் பொய்யோடு அலைந்துகொண்டிருந்தது.

அவர் நோன்புக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லாரையும் கிரேன் அடியில் கூட்டினார். அவனையும் வரச் சொல்லியிருந்தார். முதலாளி கார் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஒரு கல் மேல் ஏறினேன். வாயில் ஒரு ஜோக் வந்து முட்டியது, நல்ல ஜோக், அதை விழுங்கினேன். என் ஆயுளில் நான் விழுங்கிய ஒரே ஜோக் அதுதான். தண்ணீர் ஊற்றவில்லை, விரல் நின்றது தெரிந்தும் டிக் போட்டேன், அவன் தூக்கியதில் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். பிறகு அதையே எழுதி, என் பெயரில் கையெழுத்துப் போட்டு, ரோட்டிலிருக்கிற பட்டறைகளுக்கெல்லாம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி என்னை ஒரு வருடம் கேட்டில் லாரி நம்பர் எழுதப் போட்டார். அவன் அன்றே கேபினில் ஏறினான், முன்வாசல் வழியாக. என்னை மன்னித்ததாக மட்டும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து மேனேஜர் ஊரோடு போய்விட்டார். அங்கே ஒன்பது பேரைச் சேர்ப்பதே கஷ்டமாகிவிட்டதாம். கிளம்பும் அன்று, எப்போதுதான் இந்தக் கணக்கு முடியும் என்று கேட்டேன். அவர்கள் பாஷையில் இதற்குச் சொல்கிற வார்த்தைக்குத் திரும்பி வருதல் என்று அர்த்தமாம். அதே இடம், அதே அவசரம், அதே பயம் மறுபடி வரும். அப்போது நீ வேறு மாதிரி செய்தால் திரும்பிவிட்டாய் என்று அர்த்தம் என்றார். பிறகு அலமாரியைத் திறந்து இந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அன்று உடைந்த ஸ்லாப்பில் அவர் எடுத்து வைத்திருந்தது.

போன மாதம் அது வந்தது. கன்டெய்னர் கேட்டில், முதலாளி வாசலில், மேலே கேபினில் அவன். கடைசி ஸ்லாப்பில் என் விரல் நின்றது. வயிறு கலங்கியது, கை வேர்த்தது; இத்தனை வருடத்தில் அதில் மட்டும் எந்த முன்னேற்றமும் இல்லை. முதலாளி மணி பார்த்தார். நான் கையைத் தூக்கி கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டு வாளியை எடுத்தேன். பாதித் தண்ணீர் என் பேன்ட்டில் போனது. மீதியை ஊற்றித் துடைத்தேன். கல் காய்ந்தது. கோடு நின்றது.

முதலாளி கத்தத் தொடங்கினார். அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். இன்னொரு வாளியைத் தூக்கினான். "சார், அந்தப் பக்கம் நீங்க பாருங்க. இந்தப் பக்கம் நான் ஊத்துறேன்."

இன்னும் சார்தான். அடுத்த வாரம் மேனேஜர் ஊரில் நோன்பு. வருடா வருடம் அதற்கு முன்னால் அவன் வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்க நான் மேலூர் பஸ் ஏறுவது வழக்கம், இந்த வருடமும் ஏறுவேன். இன்று காலை கல் துண்டில் தண்ணீர் ஊற்றும்போதே பாதி மேசையில் சிந்திவிட்டது. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். துடைத்துவிட்டு, கோடு தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிகிறது. பஸ்ஸுக்கு நேரம் பார்த்து வைத்திருக்கிறேன்.