இடது பக்கம் திரும்பாத மாமா

'பறவாயில்லை' என்ற சொல்லை டேனிஷில் எப்படிச் சொல்வீர்கள்? போனை எடுத்துத் தட்டாதீர்கள், அதற்கும் தெரியாது. ஒன்பது வயதில், ஒரு ஃபிசியோதெரபிஸ்டின் அறையில் நின்றுகொண்டு, இதற்கு நான் ஒரு நொடியில் பதில் சொன்னேன். அந்தப் பதில் சரி என்று இன்றைக்கும் யாருடனும் வாதாடத் தயார். அதனால் ஒரு கலியாணம் கவிழப் பார்த்தது வேறு விசயம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில் எங்கள் வீட்டு மேல் அறையில் இருந்தார். பெட்டி அடுக்குகிற தொழிற்சாலையில் வேலை. அவருக்குத் தெரிந்த டேனிஷ் முழுவதும் அங்கே பொறுக்கியது: பெட்டி, கெதி, கோப்பி, திங்கட்கிழமை. உடம்பில் இருக்கிற ஒரு உறுப்புக்கும் அந்த மொழியில் அவரிடம் பெயர் இல்லை. தமிழில் நிலைமை இன்னும் மோசம், ஒரே ஒரு சொல்தான். கறி எப்படி? பறவாயில்லை. குளிருதா? பறவாயில்லை. ரண்டர்ஸ் என்ற ஊரில் பெண் பார்த்து, படம் வந்து, அம்மா முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டபோதும் அதே பறவாயில்லை.

"அவன் பறவாயில்லை எண்டா உள்ளுக்குள்ள துள்ளிக் குதிக்கிறான் எண்டு அர்த்தம்," என்று அம்மா எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

அந்த விளக்கம் ரண்டர்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே பெண், நான் ரண்டர்ஸ் அக்கா என்று கூப்பிட்டவர், டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவர். ஒன்று ஆம், இல்லாவிட்டால் இல்லை, நடுவில் ஒன்றுமில்லை என்கிற ரகம். போனில் நேரடியாகவே கேட்டிருக்கிறார், "என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று. மாமா என்ன சொன்னார் என்று நான் எழுதத் தேவையில்லை. அதன்பிறகு போன் வருவது குறைந்துபோனது.

இந்த நேரம் பார்த்துத்தான் மாமாவின் கழுத்து பிடித்தது. கலியாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. காலையில் படியிறங்கி வந்தார், தலை வலது பக்கம் கொஞ்சம் திரும்பி அப்படியே நின்றது. இடது பக்கம் ஒரு துளியும் அசையாது. இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் நோ.

"தாலி கட்டினாப் பிறகு பொம்பிளை உன்ரை இடப்பக்கம் வந்து இருப்பாள். நீ அங்கால வீடியோக்காரனைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறியோ?" என்று அம்மா தலையில் கை வைத்தார்.

"தலைப்பாகையைச் சரிச்சுக் கட்டினா ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் அப்பா. அப்பாவின் யோசனைகள் எல்லாமே இந்தத் தரம்தான்.

ஹெர்னிங்கில் ஒரு ஃபிசியோவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். எண்ணெய் போட்டு உருவுவார்கள், கரண்ட் பிடிப்பார்கள் என்று அம்மா பழைய துவாய் ஒன்றும் மடித்து எடுத்து வந்திருந்தார். ஃபிசியோ ஒரு நெட்டைப் பெண்மணி, கம்பளிக் காலுறையோடு நடந்தார், பட்டப்பகலில் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார். மாமாவைத் தொடவேயில்லை. கதிரையில் நிமிர்ந்து இருக்கச் சொன்னார். நாடியை உள்ளே இழுத்துத் தலையைப் பின்னால் தள்ளச் சொன்னார், பத்துத் தரம். யாரோ பிடிக்காத ஆள் முத்தம் கொடுக்க வரும்போது பின்வாங்குவோமே, அதுபோல என்றார். இதை நான் மாமாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். என் ஒன்பது வயது மானம் அங்கேயே போனது.

அந்த வைத்தியத்தில் கேள்விதான் மருந்து. ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு கேட்பார்: இப்போது நோ கூடவா, குறைவா? எந்தப் பக்கம் அசைத்தால் குறைகிறதோ அந்தப் பக்கம்தான் பயிற்சி. ஆகவே நோயாளி உண்மை சொல்லியே ஆகவேண்டும்.

"மாமா, கூடவோ குறையவோ?"

"பறவாயில்லை எண்டு சொல்லு."

இப்போது என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். நான் சொன்னது: "லீ மாயத்." எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது எதையாவது கேட்டு, எப்படியானாலும் சரி என்று தோளைக் குலுக்கும்போது சொல்வது அதுதான். மாமாவின் பறவாயில்லையும் அச்சொட்டாக அதே தோள்குலுக்கல். ஆனால் கூடவா குறைவா என்று கேட்டவருக்கு அதே சொல் 'இரண்டும் ஒரே அளவு' என்று கேட்கும். மாற்றமில்லை என்று நினைத்த ஃபிசியோ, அப்படியானால் மற்றப் பக்கம் பார்ப்போம் என்று தலையை முன்னுக்குக் குனிய வைத்தார். அதற்கும் பறவாயில்லை. அதற்கும் லீ மாயத். வீட்டில் குனிந்து குனிந்து செய்து பார்க்கச் சொல்லி, நோ கூடினால் உடனே நிறுத்தவேண்டும் என்று அனுப்பிவிட்டார்.

"தொட்டும் பாக்கேல்லை. இதென்ன வைத்தியம்?" என்று அம்மா துவாயைத் திரும்பக் கொண்டுவந்தார்.

மாமா நிறுத்தவில்லை. ஒரு கிழமை விசுவாசமாகக் குனிந்தார். நோ முழங்கையைத் தாண்டி விரல் நுனிக்குப் போனது. கோப்பிக் கோப்பையை வலது கைக்கு மாற்றினார். கேட்டால் பறவாயில்லை.

அப்போது ரண்டர்ஸ் அக்கா போன் எடுத்தார். அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நேரில வந்து கதைக்க வேணுமாம். வேண்டாம் எண்டு சொல்லத்தான் வாறாள்."

வேண்டாம் என்றது தலைப்பாகையைத்தான் என்று நான் நினைத்தேன். எனக்கும் அந்தத் தலைப்பாகை பிடிக்கவில்லை.

அவர் வந்த நாள்தான் ஃபிசியோவின் இரண்டாவது நாள். அம்மாவுக்கு வேலை, விடமுடியாது. "நான் கூட்டிக்கொண்டு போறன். வரேக்க கதைப்பம்," என்றார் ரண்டர்ஸ் அக்கா, சிரிக்காமல். அவர் ஓட்ட, மாமா பக்கத்தில், நான் பின்னால். ஓட்டுகிறவர் இடது பக்கம். மாமாவின் தலை வலது பக்கம். வழி முழுக்க மாமா யன்னலுக்கு வெளியே வயலையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா இரண்டு தரம் ஏதோ கேட்டார். மாமா மாடுகளுக்குப் பதில் சொன்னார். கண்ணாடியில் அக்காவின் முகம் இறுகிக்கொண்டே போனது.

ஃபிசியோ கேட்டார்: கூடவா, குறைவா? நான் கேட்டேன். மாமா சொன்னார். நான் வாயைத் திறந்து, "லீ மாயத்."

மூலையில் இருந்த அக்கா குபீரென்று சிரித்துவிட்டார். இரண்டு மொழியும் தெரிந்த ஆள் அந்த அறையில் அதுவரை இருந்ததில்லை. என்னை விட்டால், அதாவது. ஃபிசியோவுக்குக் கடகடவென்று டேனிஷில் பறவாயில்லையின் கதையை விளக்கினார். ஃபிசியோவின் கண் விரிந்தது. பிறகு அக்கா கதிரையை இழுத்து மாமாவின் வலது பக்கம், அவருக்குத் தெரிகிற இடத்தில் போட்டு அமர்ந்தார்.

"இஞ்ச பாருங்கோ. பறவாயில்லை எண்ட சொல்லை இண்டைக்கு இந்த அறைக்குள்ள விடுறேல்லை. நோகுதா, இல்லையா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மெழுகுதிரியைப் பார்த்தேன்.

"நோகுது," என்றார் மாமா.

"எவ்வளவு?"

"நல்லா நோகுது. இரவில நித்திரையில்லை. விரல் விறைக்குது. குனியக் குனியக் கூடிச்சுது. வரேக்க… வழி முழுக்க மாட்டைத்தான் பாத்தன். நீங்கள் இடப்பக்கம். கழுத்து விடேல்லை."

நான் எல்லாவற்றையும் ஃபிசியோவுக்கு மொழிபெயர்த்தேன், மாட்டையும் சேர்த்து. தொழிலில் நான் நேர்மையானவள்.

மறுபடியும் நாடி உள்ளே, தலை பின்னே. இந்தத் தரம் உண்மையான பதில்கள் வந்தன.

"விரல் விட்டிட்டுது."

"பிறகு?"

"முழங்கை… ஓம், முழங்கையும் விடுது. தோளில நிக்குது. கழுத்தில கொஞ்சம் கூட."

கழுத்தில் கூடினால் பயப்படவேண்டாம், நோ கையை விட்டுக் கழுத்துக்குத் திரும்புவது நல்ல அறிகுறி என்றார் ஃபிசியோ. நான் கதிரையில் ஏறி நின்று, உதைபந்தாட்டத்துக்குச் சொல்வதுபோல, நோ எங்கே நிற்கிறது என்று கத்திச் சொன்னேன். கடைசியில் மாமா மெதுவாக, துருப்பிடித்த கதவு மாதிரி, இடது பக்கம் கொஞ்சம் திரும்பினார். ஃபிசியோ கை தட்டினார். அக்கா எழும்பி, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அமர்ந்தார்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது."

"எப்பிடி?"

மாமாவின் வாய் 'ப' என்று திறந்தது. நான் பார்த்தேன். மூடிக்கொண்டார். "வடிவு," என்றார்.

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஃபிசியோ கேட்கவுமில்லை, சும்மா எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மாமாவின் நாடி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது, கோழி மாதிரி. ஒவ்வொரு தரமும் தலை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனது. ரண்டர்ஸ் அக்கா இக்காஸ்டுக்குத் திரும்புகிற பாதையைத் தவறவிட்டார். திருப்பிக்கொண்டு வந்து அதையே இன்னொரு தரமும் தவறவிட்டார். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு நின்றது. சொன்னேன், கத்தினேன், டேனிஷிலும் சொன்னேன். முன்னுக்கு இருந்த இருவருக்கும் காது கேட்கவில்லை. போகும்போது ஒழுங்காகப் பார்த்து ஓட்டிய ஒரு ஆளுக்குத் திரும்பும்போது என்ன வந்தது என்று எனக்குச் சரியான கோபம்.

வீட்டு வாசலில் அம்மா வேலை உடுப்பும் மாற்றாமல் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன முடிவு?" என்று என்னைத்தான் கேட்டார்.

"கையை முழுக்க விட்டிட்டுது, இப்ப கழுத்தில மட்டும்தான்," என்று சொல்லிக்கொண்டே கழிப்பறைக்கு ஓடினேன். வெளியே வந்து பார்த்தால் அம்மா அழுதுகொண்டு சிரித்தார், ரண்டர்ஸ் அக்காவின் கையை விடாமல் பிடித்தபடி. ஒரு கழுத்துக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். எனக்கு விளங்கவில்லை. நல்ல பசி, நேரே குசினிக்குப் போய்விட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்க, மாமி, அதாவது அன்றைய ரண்டர்ஸ் அக்கா, கீழே கார் ஹோர்னை அடிக்கிறார். நான் இன்னும் சப்பாத்துப் போடவில்லை.