நினைவு மலரும் மூச்சு வாங்கிய கணினியும்

யாழ்ப்பாணம் குருநகரில் தகரக் கொட்டிலில் அச்சகம் தொடங்கியவன் நான். போரில் இடம்பெயர்ந்தபோது ஈய எழுத்துகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனேன். திரும்பி வந்து, கூரையில்லாத சுவர்களுக்குள் மறுபடியும் அடுக்கினேன். மின்சாரம் இல்லாத காலத்தில் காலால் மிதித்தே அச்சடித்தேன். இன்று இரண்டு மாடி, வண்ண இயந்திரம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கட்டியது இவ்வளவும்.

எங்கள் முக்கிய வேலை நினைவு மலர், இறந்தவரின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். அதில் யாருடைய பெயர் முன்னால் என்பதில்தான் குடும்பங்கள் முறுகிக்கொள்ளும். கனடாவிலிருந்து ஒரு திருத்தம் வரும். லண்டன்காரர் அதை மாற்றச் சொல்லுவார். பிறகு, "நாங்கள் முதல் அனுப்பினது எங்கை?" என்று வந்து நிற்பார்கள். ஆகவே ஒன்றையும் அழிக்கக்கூடாது என்பது என் கட்டளை. கணினி வேலை பார்க்கும் மருமகள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழுப் புத்தகத்தையும் படங்களோடு புதிதாகச் சேமித்தாள். வருடக்கணக்கில் அது குவிந்தது.

போன வருடம், ஒரு மீனவக் குடும்பத்துப் பூசைக்கு முதல்நாள் பின்னேரம், கணினி நகர மறுத்தது. திரையில் வட்டம் மட்டும் சுற்றியது. இறந்தவரின் மூத்த மகன் எதிரே நின்றார்.

"ஐயா, விடியப் பூசை. அம்மாவுக்கு என்னத்தைக் காட்டுறது?"

"புத்தகம் வரும் தம்பி, இருங்கோ."

மருமகள் சொன்னாள்: "மாமா, பழசுகளை அழிச்சால் ஓடும்."

"அழிச்சுப்போட்டு, சண்டைக்கு வாறவைக்கு ஆர் பதில் சொல்லுறது? நீரோ?"

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்கோவன்!"

"ஈய எழுத்தில ஒண்டு பிழைச்சால் முழுப் பக்கத்தையுமோ குலைச்சனாங்கள்? அந்த எழுத்தை மட்டும்தான் மாத்தினனாங்கள். உதுக்கும் மாறின பக்கத்தை மட்டும் வையும் பிள்ளை."

அவள் மற்றக் குடும்பங்களின் மலர்களை வேறொரு வன்தட்டுக்கு மாற்றினாள். இந்த மலரில் ஒரு முழுப் பிரதியையும் மாறிய பக்கங்களையும் மட்டும் வைத்தாள். கணினி ஓடியது. விடியப் பூசைக்கு முன் புத்தகம் கோயிலில் இருந்தது.

பிறகு எல்லா மலர்களையும் அப்படியே மாற்றினோம். திருத்தங்கள் நீண்டபோது, கடைசி வடிவத்தைத் திறக்க முதல் பிரதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வரக் கணினி மறுபடியும் சுணங்கியது. இடையிடையே ஒரு முழுப் பிரதியை வைத்து மருமகள் அதைத் தீர்த்தாள். அது அவளுடைய மூளை, மறுக்கவில்லை.

ஆனால் என் மகன் அச்சகச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தலில், புதிய சேமிப்பு முறையை அமைத்தவர் என்று அவளுடைய பெயர் மட்டும் இருக்கிறது. மாறியதை மட்டும் வை என்று சொன்னது யார்? அந்த வரியைத் திருத்துங்கள். பழையதை அழிக்க வேண்டாம், அதுவும் இருக்கட்டும். என் பெயரைப் போடுங்கள், அவளுடைய பெயருக்கு முன்னால்.