அருவி இரைச்சலுக்கு ஒரு கண்டென்சர்

செங்கோட்டை மைக் செட் கடைக்காரர் என்னை வேலையைவிட்டுத் துரத்திய அன்று மதியம், ஐந்தருவி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். சாரலில் நமத்துப்போன கிறிஸ்டல் மைக்கை அடுப்பின் மேல் காயவைத்துக் கெடுத்திருந்தேன். உள்ளே இருப்பது ஒருவகை உப்புக்கட்டி. அதற்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது தெரியாது. பையில் ஈயம் பற்றவைக்கும் கம்பி, பழைய ரேடியோவில் கழற்றிய டிரான்ஸ்பார்மர், சில கண்டென்சர்கள்.

ஐந்தருவியில் ஆண்களும் பெண்களும் முறைவைத்துக் குளிக்க மைக்கில் சொல்லும் அண்ணாச்சி, பேசாத மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். சாயந்தரத்துக்குள் சத்தம் வராவிட்டால் வேறு செட்டுக்காரனை அழைத்துவிடுவதாகப் பஞ்சாயத்து ஆள் சொல்லிவிட்டாராம்.

"அடுப்புல காயவச்சீங்களா, அண்ணாச்சி?"

"அப்படி எந்தக் கிறுக்கன்லே வைப்பான்?"

"நான் வச்சேன்."

சிரித்துவிட்டு, "உள்ள வா" என்றார்.

மைக் கொட்டகை மூலையில் ஒரு சிறிய ஸ்பீக்கர் கிடந்தது. அதன் எதிரே பேசினால் அதுவே மைக். ஆனால் அதன் மின்தடை மிகக் குறைவு. ஆம்ப்ளிபயர் எதிர்பார்ப்பதோ மிக அதிகம். நேராக இணைத்தபோது முனகல்தான் கேட்டது. டிரான்ஸ்பார்மரை, ரேடியோவில் வேலை செய்ததற்கு எதிர்த்திசையில், நடுவில் வைத்து, கம்பிச்சுற்று குறைந்த பக்கத்தை ஸ்பீக்கருக்கும் நிறைந்த பக்கத்தை ஆம்ப்ளிபயருக்கும் கொடுத்தேன். குரல் எழுந்தது, கூடவே ஒரு ரீங்காரமும். டிரான்ஸ்பார்மரை மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் ரீங்காரம் அடங்கியது. அப்படியே கட்டிவைத்தேன்.

அருவியின் இரைச்சல் மட்டும் போகவில்லை. வழியில் ஒரு கண்டென்சரைச் சேர்த்தால் கனத்த ஒலி குறையும். பெரியது அருவியை அப்படியே விட்டது. மிகச் சிறியதில் பேச்சு கொசுச்சத்தமானது. மூன்றாவது என் கீச்சுக்குரலுக்குச் சரியாக இருந்தது.

அண்ணாச்சி பேசினார். கட்டைக்குரல்; அருவியோடு அதுவும் காணாமல் போயிற்று.

"ஏலே, எங் கொரலையும் சேத்துல்லா வடிகட்டிட்ட!"

மறுபடி சோதிக்க நானே பேசினேன். "ஆம்பளையெல்லாம் வெளிய வாங்க, பொம்பளையாளு குளிக்கணும்." கடைசி அருவியில் நின்றவர்கள்கூடத் தலையைத் துவட்டியபடி வெளியே வந்தார்கள். பஞ்சாயத்து ஆள் பார்த்துவிட்டு, வேறு செட்டு வேண்டாம் என்று சொல்லிப் போனார்.

"பெரிய கண்டென்சர் போடட்டுமா, அண்ணாச்சி?"

"வேண்டாம்லே, அருவியும் வந்துரும். நீயே பேசு. சோறு இங்கன தின்னுக்கோ."

மறுநாள் காலை, ஸ்பீக்கரை வாயருகே பிடித்தபடி, ஆண்களைக் கரையேறச் சொல்லும் வேலையில் உட்கார்ந்தேன்.