கம்ப்யூட்டருக்குப் பூக்கேட்ட கோமளா

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட கோமளா, கணபதி என்ற ஊரில் தன் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள். பிழை என்று ஒரு பத்திரிகைகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது படுத்திக்கொண்டிருந்தது. திறக்கவே கால் மணி நேரம். "வியாழக்கிழமைக்குள்ள தரலீன்னா வேற பக்கம் குடுத்துக்கறமுங்க" என்று தேஜா என்ற மணப்பெண்ணின் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் அந்தச் சொந்தபந்தம் அத்தனையும் போய்விடும்.

கம்ப்யூட்டர் கடைக்கார மதன்குமார் தன் கடை மேசைமேல் இரண்டு சாமானை வைத்தான். "ஹார்ட் டிஸ்கை மாத்தீரலாமுங்க அக்கா. இது சாட்டா, வயர்ல மாட்டறது. இது என்விஎம்இ, மதர்போர்டுலயே சொருகறது. பறக்குமுங்க. வெலதான் கூட."

"நம்ம பெட்டிக்கு எதுங்க தம்பி சேரும்?"

"ரெண்டும் சேருமுங்க. உங்க இஷ்டம்."

இரண்டில் ஒன்று என்று வந்தால் மாரியம்மனிடம் பூக்கேட்காமல் கோமளா எதையும் செய்ததில்லை. வயருக்குச் சிவப்புப்பூ, சொருகுவதற்கு வெள்ளைப்பூ என்று மனதில் நினைத்து, இலையில் தனித்தனியே மடித்த இரண்டு பொட்டலங்களைக் கோயில் பூசாரியிடம் கொடுத்து அம்மன் காலடியில் வைக்கச் சொன்னாள். பூசாரி எடுத்துக் கொடுத்ததில் வெள்ளைப்பூ இருந்தது. அதைக் கடையில் சொல்லியே சொருகுவதை வாங்கினாள். மதன்குமார் அப்போதே அதன் கவரைப் பிரித்துவிட்டான்.

புதன்கிழமை ஆட்டோவில் பெட்டியைக் கொண்டுபோனாள். அவன் மூடியைக் கழற்றினான். "இதுல சொருகறதுக்கு எடமே இல்லீங்களே அக்கா. பழைய போர்டு."

"ஏனுங்க தம்பி, மூணு மாசம் முன்னாடி நீங்கதானுங்களே இதைப் பிரிச்சுத் தூசி தட்டுனீங்க?"

"தட்டுனனுங்க." பல்லைக் காட்டினான். "அம்மனே வெள்ளைப்பூக் குடுத்துப்போட்டாங்கன்னீங்க. சாமி வாக்குக்கு நான் குறுக்க பேசலாமுங்களா?"

சோற்றில் பல்லியைக் கண்டது போலக் கோமளா மேசையை விட்டு விலகி நின்றாள். காசு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வாயில் அம்மன் பெயர் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"ரெண்டும் சேரும்னு நீங்க சொல்லித்தானுங்க அம்மன்கிட்டப் போனேன். ஒண்ணுதான் சேரும்னா நான் ஏனுங்க பூக்கேக்கறேன்? உங்க பொய்யை என் கையில குடுத்து அம்மன் காலடியில வெக்க வெச்சுப்போட்டீங்களே. சீ!"

"செரி உடுங்கக்கா. பிரிச்ச சாமானைத் திருப்பி எடுக்க மாட்டமுங்க. சாட்டாவை வாங்கிக்குங்க, மாட்டற கூலி வேண்டாம்."

மறுநாள் வியாழன். வேறு கடை தேட நேரமில்லை. வாங்கினாள். அவன் நீட்டிய மீதிச் சில்லறையைக் கையில் வாங்காமல், மேசையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததையெல்லாம் அவன் புதியதில் ஏற்றி முடிக்கும்வரை வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது. அந்த வேகத்தைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது. பத்திரிகையின் உச்சியில் 'ஸ்ரீ மாரியம்மன் துணை' என்று அடிக்க விரலை வைத்தவள், எடுத்துவிட்டாள். எழுந்துபோய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, முதல் எழுத்தை அடித்தாள்.