குன்றின் பாதியில் ஒரு கழிப்பறை

லோவெல் ஹாகன் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியில் எந்தப் பிள்ளை அவசரம் என்று அலறினாலும் அடுத்த நிறுத்தம் வரை பிரேக்கில் கால் வைக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கடவுள் எப்படிப் பழிவாங்கினார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கலிபோர்னியாவில் எங்கள் ஊருக்குப் பின்னால் பருந்துக் குன்று என்று ஒன்று இருக்கிறது. அதில் வரிசையாக வீடு கட்ட ஒரு கம்பெனி வந்தபோது, காட்டுப்பூனை படம் போட்ட அட்டையைத் தூக்கிக்கொண்டு முதலில் தெருவில் இறங்கியவர் லோவெல்தான். "இது பூனை வீடு, உங்க வீடு இல்ல" என்று அதில் எழுதியிருந்தது. கடைசியில் கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட அரசே குன்றை விலைக்கு வாங்கி, என்றென்றைக்கும் திறந்த வெளி என்று அறிவித்தது. அன்றைக்கு அவர் அழுதார். நானும் அழுதேன்.

அதோடு விட்டாரா? குன்றில் பெஞ்சு போடலாம் என்றார்கள், வேண்டாம் என்றார். பெயர்ப்பலகை வைக்கலாம் என்றார்கள், அதற்கும் வேண்டாம் என்றார். போதாததற்குக் கவுண்டியின் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு விதியையும் நுழைக்க வைத்தார். குன்றில் எது கட்டுவதானாலும் முதலில் அதே அளவில் கம்பம் நட்டு வலை கட்டிக் காட்ட வேண்டும், ஊர்க் கூட்டம் ஒப்புக்கொண்டால், மழைக்காலம் வெயில்காலம் இரண்டிலும் சுற்றுச்சூழல் பாதிப்பை ஒரு வருஷம் ஆராய வேண்டும், அப்புறம்தான் கட்டலாம். நாங்களும் கை தட்டிக் கையெழுத்துப் போட்டோம்.

போன வருஷம் கவுண்டி, குன்றின் பாதி வழி வளைவில் ஒரு கழிப்பறை கட்டப் போவதாகச் சொல்லி ஆரஞ்சு வலை கட்டியது. லோவெல் கொதித்துவிட்டார். "இத்தனை வருஷமா ஏறுறேன், அங்க ஒருத்தனுக்கும் அவசரம் வந்து நான் பார்த்ததில்ல" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமைச் சந்தையில் நான் முட்டை விற்பேன். அங்கே கவுண்டியின் உயிரியலாளர் மாரிசோல் அவரை என் கடைக்குப் பின்னால் ஓரமாகக் கூட்டிப்போனாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை, என் காது அங்கே இருந்தது.

"மிஸ்டர் ஹாகன், பூனையக் கணக்கெடுக்க வளைவுப் புதர்கிட்ட கேமரா வெச்சிருக்கேன். அதுல பூனை வரல. ஒரு தொப்பிதான் வருது."

"என்ன தொப்பி?"

"சிவப்பு. காதுமூடி வெச்சது."

லோவெல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"படத்தையெல்லாம் அழிச்சிட்டேன், பயப்படாதீங்க. ஆனா நீங்க தினம் ரெண்டு தடவ அந்தப் புதர்ல... பூனை மோப்பம் பிடிச்சுப் பார்த்துட்டு, இது வேற ஏதோ பெரிய மிருகத்தோட எல்லைன்னு ஒதுங்கிடுச்சு."

என் கையிலிருந்த முட்டை கீழே விழுந்தது. லோவெல் சிரிக்கவில்லை. "நானா அத விரட்டுனேன்?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகிவிட்டது.

அவருக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, அடிக்கடி சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது. மனைவி லுரீனுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது; இப்போது எனக்கும். அன்றிலிருந்து அவர் புதர்ப் பக்கம் ஒதுங்குவதில்லை. அதனால் உச்சிக்கும் போக முடியவில்லை. வளைவு வரை போவார், மேலே ஏக்கமாகப் பார்ப்பார், வேகவேகமாக வீடு திரும்புவார். கேட்டால் முழங்கால் வலி என்பார்.

"கூட்டத்துல போய் உண்மையச் சொல்லு" என்றாள் லுரீன், என் எதிரிலேயே.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப உச்சிய மறந்துடு. வீட்டுல உட்கார்ந்து டிவி பாரு."

ஊர்க் கூட்டத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு வந்தால் உட்கார வேண்டும். லோவெல் மைக் முன்னால் நின்றார். பச்சை எரிந்தது. பேசவில்லை. ஊரே அவருடைய வழக்கமான "வேண்டாம்"க்குக் காத்திருந்தது. மஞ்சள் வந்தது.

"எனக்கு அது வேணும்" என்றார்.

"எது?" என்றாள் கூட்டத் தலைவி.

"கழிப்பறைதாங்க. அடக்க முடியல எனக்கு. புதர்ல ஒதுங்கி ஒதுங்கி, எந்தப் பூனைக்காக இந்தக் குன்றக் காப்பாத்துனேனோ அதையே விரட்டிட்டேன்."

 பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "எனக்கும் வேணும்!" என்றார். அட்டை தூக்கிய எங்கள் பழைய கூட்டம் மொத்தமும் ஒவ்வொருவராக எழுந்து நின்றது. அத்தனை பேரும் ஆளுக்கொரு புதர் வைத்திருந்திருக்கிறார்கள்.

"அப்ப ஒருமனதா நிறைவேறுச்சு. ஒரு வருஷ ஆய்வு முடிஞ்சதும் கட்ட ஆரம்பிப்போம்" என்றாள் தலைவி.

"ஒரு வருஷமா! மனுஷன் ஒரு வருஷம் எப்படி அடக்குவான்?"

"அந்த விதியக் கொண்டுவந்ததே நீங்கதானே, மிஸ்டர் ஹாகன்?"

சிவப்பு விளக்கு எரிந்தது. லோவெல் உட்கார்ந்தார்.

ஆய்வு இன்னும் நடக்கிறது. மழை தொடங்கிய பிறகு ஒரு காலையில் நானும் லோவெலும் வளைவில் நின்றிருந்தோம். மாரிசோல் மூச்சிரைக்க ஏறி வந்து கைபேசியை நீட்டினாள். முந்தின நாள் கேமராவில் பதிந்த படம். ஆரஞ்சு வலைக்கு உள்ளே, கழிப்பறை வரப்போகும் அதே இடத்தில், கொழுத்த காட்டுப்பூனை ஒன்று மண்ணைப் பறித்துக் குந்தியிருந்தது. காரியத்தில் மும்முரமாக இருந்த அதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"வந்துட்டான்!" என்று கத்தினார் லோவெல். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார்.

"கழிப்பறை கட்டுறதுக்கு முன்னாடியே முதல் ஆள் வந்தாச்சு" என்றேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. லோவெல் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இனி என்னைச் சிரிக்க வைக்காத," என்றார் கெஞ்சலாக. "வீடு இன்னும் தூரம் இருக்கு."