வைக்கோல் மனிதனுக்கு அழுதவள்

1987 பெப்ரவரித் தொடக்கத்தில், யாழ்ப்பாணம் குருநகரில் அன்ரனிற்றாவின் தாய் இறந்த செய்தி தொலைபேசியில் ஜேர்மனியின் கொலோன் நகருக்கு வந்தது. அகதி விடுதி அறையில் அவள் குரல் எடுக்குமுன் கணவன் பேனாட் கையால் வாயைப் பொத்திவிட்டான்.

“சத்தம் போடாதையும். போன மாசம் பக்கத்து அறைக்காரி அழ, அம்புலன்ஸ் வந்தது தெரியுந்தானே? முப்பத்தொண்டாம் நாள் செபத்துக்குச் சனமெல்லாம் வரும். அண்டைக்கு அழலாம்.”

ஜேர்மன்காரர் எதற்கும் ரெர்மின் போட்டு நாள் குறிப்பதுபோல அழுகைக்கும் ரெர்மின் வைத்த புத்திசாலி! அவளும் ஓமென்று அடக்கிக்கொண்டாள். குருநகரில் எந்தச் செத்தவீட்டிலும் முதல் குரல் அவளுடையதுதான். பெற்ற தாய்க்கு ஊர் கேட்க அழவேண்டும் என்று அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள்.

அவள் வேலை செய்தது ஒரு பியர்க்கடைக் குசினியில். களவாகத்தான், அகதிக்கு வேலை அனுமதி ஏது? தவக்காலத்துக்கு முந்திய கிழமை முழுக்க அங்கே வேஷம் போட்டுக் குடித்து ஆடினார்கள். வாசலுக்கு மேலே பழைய உடுப்பு மாட்டிய வைக்கோல் மனிதன் தொங்கினான். யார் என்ன கூத்தடித்தாலும் பழி அவன் தலையில். விபூதிப் புதனுக்கு முதல்நாள் இரவு அவனைப் பாடையில் கிடத்தி, பொய்யாக ஒப்பாரி வைத்து எரிப்பார்கள். நம் கொடும்பாவிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவு கடைக்காரி ஹெல்கா, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அன்ரனிற்றாவின் தலையிலும் ஒரு கறுப்புத் துணியைப் போட்டு முன்னுக்கு இழுத்து வந்தாள். மற்றப் பெண்கள் கைக்குட்டைக்குள் சிரித்துச் சிரித்து அழுதார்கள். அன்ரனிற்றாவும் சிரிக்கத்தான் பார்த்தாள். அப்போது பொம்மையின் கால்கள் கண்ணில் பட்டன. தூக்கும்போது விலகாதபடி யாரோ இரண்டு சப்பாத்தையும் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஊரில் பிரேதத்தின் பெருவிரல்களை இப்படித்தான் கட்டுவார்கள்.

“என்ரை அம்மா! உன்ரை முகத்தைக்கூட நான் பாக்கேல்லையே!”

மாரில் அடித்து, நிலத்தில் விழுந்து, வைக்கோல் எரிந்து முடியும்வரை அழுதாள். சனம் கை தட்டியது. இவ்வளவு நன்றாக இதுவரை யாருமே அழவில்லை என்று ஹெல்கா கட்டிப்பிடித்து, ஒரு கிளாஸ் பியரும் கொடுத்தாள். அந்த மனுசியைக் குறை சொல்ல முடியாது. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் செபம். ஹம், ஆஹென் நகரங்களிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. செபமாலை முடிய எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தாயின் படத்தைப் பார்த்தாள். கண் காய்ந்து கிடந்தது.

“பெத்த தாய்க்கு ஒரு சொட்டு இல்லை. ஜேர்மனி வந்து கல்லாப் போனாள்,” என்று கொறற்றி அக்கா எல்லோருக்கும் கேட்கிற இரகசியம் பேசினாள்.

சனம் போனபின் அன்ரனிற்றா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினாள். பேனாட் பக்கத்தில் வந்து நின்றான்.

“என்னப்பா இது? சனம் கதைக்குது. இப்ப சத்தமா அழுமன், ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

“அம்மாக்கு வைச்சிருந்ததை அந்த வைக்கோலுக்குக் குடுத்திட்டனப்பா,” என்றாள். “இப்ப வருகுதில்லை.”